அவையும் ஆட்சியும்: திருச்சபை, இறையாட்சி பற்றிய கிறித்தவ நோக்குகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஓர் இலக்கிய அமைப்பு பத்து ஆண்டுகள் இடையறாது இயங்குவது எளிய செயலன்று. இரவுப் பணி முடித்துச் சிப்காட்டிலிருந்து நேரே கூட்டத்திற்கு வருவோரும், வயல் வேலையை முடித்து வருவோரும், பள்ளி ஆசிரியர்களும் ஒரே பாயில் அமர்ந்து கவிதை கேட்கும் அவை இது. இவ்வவையில் எனக்குத் தரப்பட்ட தலைப்பு சிலர்க்கு வியப்பளிக்கலாம். திருச்சபை எது, இறையாட்சி எது என்பது கிறித்தவர் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டிய வழக்கு. அதற்கும் கவிஞர்க்கும் என்ன உறவு என்று வினவலாம்.

உறவு இரண்டு வகையில் உண்டு. இவ்வழக்கின் பெரும்பகுதி தமிழ்ச் சொற்களின் வழியாகவும் தமிழ் இலக்கிய வடிவங்களின் வழியாகவும் நடந்தது என்பது ஒன்று. ஒரு பெருங்கனவின் பொருட்டுக் கூடிய கூட்டம், நாளடைவில் அக்கனவைத் தன் உடைமையாகக் கருதத் தொடங்கினால் என்ன நேரும் என்னும் வினா, கூடி வாழும் எவர்க்கும் பொதுவானது என்பது மற்றொன்று. சமயப் பரப்புரை என் நோக்கமன்று. இலக்கிய மாணவி என்ற நிலையில் நின்றே பேசுகின்றேன்.

சொல்லும் பொருளும்

புதிய ஏற்பாட்டின் மூலமொழி கிரேக்கம். அதில் இறையாட்சியைச் சுட்டும் சொல் 'பசிலேயா'. அதற்குப் பின்புலமாக நிற்கும் எபிரேயச் சொல் 'மல்கூத்'. இவ்விரு சொற்களும் முதன்மையாக ஆளுதல் என்னும் வினையையும், அடுத்த நிலையிலேயே ஆளப்படும் நிலப்பரப்பையும் குறிப்பன. சபையைச் சுட்டும் சொல் 'எக்லேசியா'. கிரேக்க நகரங்களில் குடிமக்களை அழைத்துக் கூட்டும் பொது அவைக்கு வழங்கிய பெயர் அது. அழைக்கப்பட்டோர் கூட்டம் என்று அதனை விரிக்கலாம்.

நற்செய்தி நூல்கள் நான்கனுள் 'எக்லேசியா' என்னும் சொல் மத்தேயுவில் மட்டுமே வருகின்றது. அங்கும் இரண்டே இடங்களில்தான். ஆட்சி பற்றிய பேச்சோ முதல் மூன்று நற்செய்திகளிலும் பக்கந்தோறும் விரவிக் கிடக்கின்றது. இயேசு தம் சீடர்க்குக் கற்பித்த மன்றாட்டிலும் வரவேண்டும் என்று வேண்டப்படுவது ஆட்சியே. பவுலடிகளின் திருமுகங்களுக்குள் நுழைந்தால் நிலை மாறுகின்றது. அங்கே ஆட்சி பற்றிய பேச்சு குறைந்து, சபை பற்றிய பேச்சு மிகுகின்றது. இந்த இடமாற்றமே ஈராயிரம் ஆண்டு விவாதத்தின் ஊற்றுக்கண் எனலாம்.

இனித் தமிழுக்கு வருவோம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சில் நிறைவுற்றது. பின்னர்ப் பப்ரிசியுசு, பவர் முதலியோர் வழியாக மொழிபெயர்ப்பு வளர்ந்தது. இறைவனைச் சுட்டச் சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள் எனச் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆட்சியைச் சுட்ட நெடுங்காலம் வழங்கியது 'ராஜ்யம்' என்பதே. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து உருவாக்கி 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'இறையாட்சி', 'விண்ணரசு' என்னும் சொற்களை நிலைநிறுத்தியது.

இது வெறும் தனித்தமிழ் மாற்றமன்று. 'ராஜ்யம்' என்றதும் எல்லைக் கல்லும் கோட்டையும் அரியணையும் நம் மனத்தில் தோன்றும். 'ஆட்சி' என்பதோ தொழிற்பெயர். அதற்கு நிலம் தேவையில்லை, நடத்தை தேவை. பரலோகராஜ்யம் என்று கேட்ட செவி, இறந்தபின் செல்லும் ஊரை எண்ணியது. இறையாட்சி என்று கேட்கும் செவி, இங்கே யார் சொல் செல்கின்றது என்று வினவுகின்றது. ஒரு சொல்லை மாற்றியபோது வினாவும் மாறியது.

இன்னுமோர் எடுத்துக்காட்டு. லூக்கா நற்செய்தியின் பதினேழாம் அதிகாரத்தில், ஆட்சி எங்கே இருக்கின்றது என்பதற்கு விடையாக வரும் கிரேக்க இடைச்சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பு 'உங்களுக்குள்' என்று தந்தது. புதிய மொழிபெயர்ப்பு 'உங்கள் நடுவே' என்று தருகின்றது. உள் என்றால் அது தனிமனிதன் அகத்தின் அமைதி. நடுவே என்றால் மனிதர்க்கும் மனிதர்க்கும் இடையில் நிகழ்வது. தால்சுதாய் 1894-இல் வெளியிட்ட நூலின் பெயரே இறையாட்சி உமக்குள் இருக்கின்றது என்னும் பொருளுடையது. தென்னாப்பிரிக்காவில் அதனைப் படித்த காந்தியடிகள் ஆழ்ந்த தாக்கம் பெற்றார். அகத்தில் தொடங்கிய அந்த வாசிப்பு அவரைத் தெருவிற்கே கொண்டுவந்தது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

விதையும் வலையும்

இறையாட்சிக்கு இயேசு இலக்கணம் கூறவில்லை, உவமை கூறினார். கவிஞர்கள் கருதிப் பார்க்கத்தக்க செய்தி இது. கடுகு விதை, மாவைப் புளிக்க வைக்கும் புளிப்பு, நிலத்தில் புதைந்த புதையல், நல்லனவும் அல்லனவும் சேர அள்ளும் வலை, கோதுமையோடு வளரும் களை. இவற்றுள் ஒன்றேனும் கட்டடம் அன்று என்பதை நோக்குக. அனைத்தும் இயங்குவன, வளர்வன, மறைந்திருப்பன. களையை இப்பொழுதே பிடுங்கலாமா என்று வேலையாட்கள் கேட்க, அறுவடை வரை பொறுக்குமாறு உரிமையாளர் கூறுகின்றார். யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்ப்பிடும் உரிமை வேலையாட்களுக்கு இல்லை என்பதே அதன் உட்கிடை.

திராட்சைத் தோட்ட உவமை நம் வட்டாரத்தார்க்கு உரை வேண்டாத உவமை. விடியலில் சந்தையில் நின்று வேலைக்கு அழைக்கப்படுவோர், நண்பகலில் அழைக்கப்படுவோர், மாலை ஐந்து மணியளவில் அழைக்கப்படுவோர் எல்லார்க்கும் ஒரே கூலி தரப்படுகின்றது. முதலில் வந்தோர் முணுமுணுக்கின்றனர். கும்மிடிப்பூண்டிச் சாலையோரத்தில் ஒப்பந்த வேலைக்காகக் காலையில் காத்து நிற்போரைக் கண்டவர்க்கு இவ்வுவமையின் கூர்மை விளங்கும். கடைசி மணிவரை நின்றவன் சோம்பேறியல்லன். அவனை ஒருவரும் அழைக்கவில்லை. அவனுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். இறையாட்சியின் கணக்கு, வேலை நேரத்தின் கணக்கன்று, வயிற்றின் கணக்கு.

சபையே ஆட்சியா?

இந்த ஆட்சியும் கண்ணாற் காணும் சபையும் ஒன்றா, வேறா? உரோமை நகரம் 410-இல் சூறையாடப்பட்டபின் அகுசுத்தீன் எழுதிய 'கடவுளின் நகரம்' இவ்வினாவிற்குப் பெரிய களம் அமைத்தது. வரலாற்றில் இரு நகரங்கள் கலந்தே நடக்கின்றன என்பது அவர் கருத்து. அதே வேளையில், சபையை ஒரு வகையில் இப்போதைய ஆட்சியாகக் காணவும் அவர் இடந்தந்தார். இடைக்காலத்தில் இரண்டாம் கூறு மட்டும் வலுப்பெற்றது. சபையின் கொடி செல்லுமிடமெல்லாம் ஆட்சி செல்கின்றது என்ற எண்ணம் மன்னர்க்கும் வசதியாயிற்று.

அதன் சுவடு நமக்கு அண்மையிலேயே உண்டு. பழவேற்காட்டிற்குப் போர்த்துக்கீசியர் வந்தனர். தம் அரசரையே சபையின் புரவலராகக் கொண்டவர்கள் அவர்கள். பின்னர் ஒல்லாந்தர் வந்து 1613-இல் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். அவர்கள் சீர்திருத்தச் சபையினர். இரு திறத்தாரும் இறைவனின் பெயரைச் சொல்லிக்கொண்டே மிளகுக்கும் துணிக்கும் போட்டியிட்டனர். இன்று அங்கே எஞ்சி நிற்பவை ஒல்லாந்தர் கல்லறைகளும், ஏழை மீனவரும் பிறரும் சென்று வணங்கும் மாதா கோயிலும். அரசுகளின் ராஜ்யம் கல்லறையாயிற்று; எளியோர் வேண்டுதல் மட்டும் உயிரோடிருக்கின்றது.

பிரெஞ்சு அறிஞர் ஆல்பிரட் லுவாசி 1902-இல் எழுதிய நூலில், இயேசு அறிவித்தது ஆட்சி, வந்து சேர்ந்ததோ சபை என்னும் பொருள்படக் கூறினார். இக்கூற்று ஏளனமாகவே பலராலும் எடுத்தாளப்படுகின்றது. உண்மையில், சமயத்தைத் தனிமனித உள்ளத்தில் சுருக்கிய செருமானிய அறிஞர் ஆர்னாக்கிற்கு மறுப்பாக, சபையின் தேவையை வலியுறுத்தவே அவர் அதனை எழுதினார். ஆயினும் அச்சொல்லில் இருந்த ஏக்கம் மறையவில்லை. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், சபையை ஆட்சியின் விதையாகவும் தொடக்கமாகவும் விளக்கியது. விதை மரமன்று, மரத்திற்கு அயலானதும் அன்று.

குறவஞ்சி தரும் விடை

ஐரோப்பியர் தருக்கத்தால் தேடிய விடையைத் தமிழ்ப் புலவர் வடிவத்தால் தந்தனர் என்பது என் துணிபு.

தஞ்சை வேதநாயக சாத்திரியாரின் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சியை எடுத்துக்கொள்வோம். தலைவி தேவமோகினி, அவளே திருச்சபை. தலைவன் பெத்லகேம் நாதன். குறவஞ்சியின் மரபு யாது? தலைவன் உலா வருகின்றான், தலைவி காண்கின்றாள், காதலுற்று வாடுகின்றாள், குறத்தி வந்து குறி சொல்கின்றாள். இம்மரபிற்குள் சபையைத் தலைவியாக அமைத்தவுடனே ஓர் இறையியல் பிறந்துவிடுகின்றது. உலா தலைவனுடையது, தெரு ஊராருடையது, தலைவிக்கு உரியது ஏக்கம் ஒன்றே. சபை அரசனைத் தன் வீட்டில் பூட்டி வைத்திருப்பவள் அல்லள். அவன் வரவுக்குக் காத்து நிற்பவள். இவ்வளவு நுட்பமான விடையை ஒரு சிற்றிலக்கிய வடிவம் தாங்கி நிற்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்கது.

எச். ஏ. கிருட்டிணபிள்ளையின் (1827–1900) இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. பனியனின் ஆங்கில நூலைத் தழுவி எழுந்த இக்காப்பியத்தில் ஆட்சி என்பது பயணத்தின் முடிவில் நிற்கும் நகரம்; சபை வழித்துணை. வைணவ மரபில் ஊறி, கம்பனில் தோய்ந்த அப்புலவர் கையில் அந்நகரத்து ஏக்கம் தமிழ்ப் பத்திமையாகவே மலர்ந்தது. குறவஞ்சியில் அரசன் நம்மை நோக்கி வருகின்றான். யாத்திரிகத்தில் நாம் நகரை நோக்கிச் செல்கின்றோம். வருவதும் செல்வதுமாகிய இவ்விரு இயக்கங்களும் சேர்ந்ததே கிறித்தவ நோக்கின் முழுமை.

சென்னையில் எழுந்த குரல்

1938 திசம்பரில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் அனைத்துலக மிஷனரி மாநாடு கூடியது. ஒல்லாந்து அறிஞர் என்றிக் கிரேமர் அதற்கென எழுதிய நூல் விவாதத்தின் நடுவே நின்றது. மாநாட்டின் சிந்தனை முழுதும் சபையை மையமாகக் கொண்டிருந்தது. அதற்கு மறுமொழியாகச் சென்னையைச் சார்ந்த சிலர் 'இந்தியாவில் கிறித்தவம் பற்றிய மறுசிந்தனை' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொகுப்பை வெளியிட்டனர். பி. செஞ்சையா, வெ. சக்கரை முதலியோர் அதில் எழுதினர். இருவரும் வழக்கறிஞர்கள், குருமார் அல்லர்.

செஞ்சையாவின் (1886–1959) கருத்து கூரியது. இயேசு ஒரு நிறுவனத்தைத் தோற்றுவிக்க வந்தவரல்லர்; புதிய மானிடத்தைத் தோற்றுவிக்க வந்தவர். இறையாட்சி என்பது படைப்பின் அடுத்த படி. ஆகவே மேலைநாட்டுச் சபையமைப்பை இந்தியாவில் நட்டு வளர்ப்பதே பணியென எண்ணுவது பிழை என்றார். சக்கரை (1880–1958) அவதாரக் கோட்பாட்டின் வழி இயேசுவை விளக்கியவர், சென்னை மாநகராட்சியின் மேயராக விளங்கியவர், தொழிற்சங்கத் தலைவர். ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் பேசிய அதே நாவே இறையியலும் பேசியது என்பதைத் தொழிற்பேட்டை மண்ணில் நின்று நினைவுகூர்வது பொருத்தம்.

மறுதரப்பையும் நேர்மையாகக் கேட்கவேண்டும். நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியா, தோர்ணக்கல்லில் பணியாற்றியவர். அங்கே திருமுழுக்குப் பெற்றோரில் மிகப் பலர் மாலா, மாதிகா மக்கள். ஊரின் கிணறும் கோயிலும் மறுக்கப்பட்ட அவர்களுக்குச் சபை என்பது கருத்தன்று. தலைக்கு மேல் ஒரு கூரை. பெயர் சொல்லி அழைக்கும் ஓரிடம். கற்றறிந்த வழக்கறிஞர்க்குச் சபையின்றியும் வாழ்வு உண்டு. விரட்டப்பட்டவர்க்குக் கூட்டமே வாழ்வு. 1919-இல் தரங்கம்பாடியில் அசரியா முதலானோர் தொடங்கிய ஒருமைப் பேச்சு, 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபையாக மலர்ந்தது. அதைக் காண அவர் உயிரோடில்லை.

பின்னாளில் எம். எம். தாமசும், சென்னையில் பேராயராகப் பணியாற்றிய லெஸ்லி நியூபிகினும் இவ்வழக்கைத் தொடர்ந்தனர். கிறித்துவை ஏற்போர் சபை எல்லைக்கு வெளியே, தம் சமுதாயத்திற்குள்ளேயே இருந்து வாழலாகாதா என்று தாமசு வினவினார். கண்ணாற் காணும் கூட்டம் இன்றேல் அந்த நம்பிக்கைக்கு உடல் ஏது என்று நியூபிகின் வினவினார். அவர் நோக்கில் சபை, ஆட்சியின் அடையாளம், கருவி, முன்சுவை. உயிர்க்கு உடல் வேண்டும் என்பதும் உண்மை. உடலே உயிர் என எண்ணலாகாது என்பதும் உண்மை.

சுவரும் உலையும்

கோட்பாடு எவ்வளவு உயர்ந்ததாயினும் அதன் உரைகல் வாழ்க்கையே. நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1870-களில் எழுந்த திருக்குடும்ப ஆலயம் இரு கிளைகளாகப் பிரிந்து, பீடத்தருகே கூடும் வடிவில் கட்டப்பெற்றது. வேளாளர்க்கு ஒரு கிளை, நாடார் முதலானோர்க்கு ஒரு கிளை. பலிபீடம் ஒன்று; பார்க்கும் வழி இரண்டு. 1910-இல் அப்பிரிவுத் தடுப்பு நீக்கப்பட்டபோது வழக்கு எழுந்து சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. பிரிவினை கேட்டவர்க்கு அங்கும் வெற்றி கிட்டவில்லை. குறவஞ்சி பாடிய வேதநாயக சாத்திரியாரும், சாதி வேற்றுமையை ஆலயத்தில் ஒழிக்க முனைந்த இளைய மிஷனரிமாரை எதிர்த்து எழுதியவரே. தலைவியின் ஏக்கத்தை அத்துணை அழகுறப் பாடிய நெஞ்சம், அவள் அருகே யார் அமரலாம் என்பதில் தடுமாறியது. கவிதை உயர்ந்தது, ஆயினும் கவிதை மட்டும் சுவரை இடிப்பதில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக விளங்கியவர் தியோபிலஸ் அப்பாவு (1940–2005). 'பரட்டை' என்னும் பெயரால் அறியப்பட்ட அவர், செவ்வியல் இசையும் உயர்தமிழும் கோலோச்சிய வழிபாட்டிற்குள் நாட்டார் மெட்டையும் பறையையும் பேச்சுத் தமிழையும் கொண்டுவந்தார். அவர் சிந்தனையின் மையம் 'ஒரே உலை'. கூட்டுக் குடும்பத்தில் ஒரு உலையில் பொங்கி எல்லாரும் பகிர்ந்துண்பதுபோல, சாதி கடந்து ஒரே உலையில் பொங்கி உண்பதே இறையாட்சியின் வடிவம் என்றார். அரியணை, கோட்டை, நகரம் என்று வந்த உருவகங்களுக்கு நடுவே அடுப்பும் சோறும் வந்தன. யாருடைய கையால் யார் உண்ணலாம் என்பதிலேயே சாதி உயிர்வாழும் நாட்டில், இதைவிடக் கூரிய இறையியல் சொல் இல்லை.

அப்பாவுவின் வினா நம்மையும் சுடும். செந்தமிழில் உரையாற்றும் நாம், அச்செந்தமிழே சிலரை வாயிலில் நிறுத்தும் தடுப்பாகிவிடாமல் பார்த்துக்கொள்கின்றோமா?

நம் வட்டத்திற்கு

திருச்சபை வரலாறு நம்மைப் போன்ற அமைப்புகளுக்குத் தரும் பாடம் மூன்று. முதலாவது, அமைப்பு வேண்டும். தனித்திருந்து எழுதுவோர்க்கும் கேட்கும் செவி வேண்டும். முதற் கவிதையைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு தயங்கி நிற்கும் இளைஞர்க்கு அசரியா கூறிய கூரை வேண்டும். இரண்டாவது, அமைப்பு தானே குறிக்கோள் ஆகிவிடலாகாது. விழா மலர், மேடை, பட்டம், பொன்னாடை இவையெல்லாம் கவிதையின் பெயரால் நடப்பன, கவிதை அன்று. நம் வட்டத்திற்கு வெளியே, நம் பெயரை அறியாத ஒருவர் நல்ல கவிதை எழுதினால் அதனை நம் வெற்றியாகக் கொண்டாட இயலுமாயின், நாம் செஞ்சையாவைப் புரிந்துகொண்டோம் எனலாம். மூன்றாவது, அமைப்பின் உண்மை அதன் தீர்மானங்களில் இல்லை; அதன் பாயிலும் பந்தியிலும் உள்ளது.

இத்தொழிற்பேட்டைக்கு இன்று ஒடியா பேசுவோரும் இந்தி பேசுவோரும் வேலைக்கு வருகின்றனர்; தெலுங்கு நம் தெருவிலேயே ஒலிக்கின்றது. மாலை ஐந்து மணிக்கு அழைக்கப்பட்டவரைப் போல அவர்களும் இவ்வூருக்குக் கடைசியில் வந்தவர்கள். அவர்கள் ஊர்ப்பாட்டு ஒன்றை ஒரு திங்களேனும் இவ்வவையில் பாடச் செய்து, பொருளைத் தமிழில் சொல்லக் கேட்போமா? பெண்கள் வந்து திரும்பத்தக்க நேரத்தில் கூட்டத்தை அமைப்போமா? பதினொன்றாம் ஆண்டின் முதற் கூட்டத்திலேயே இவ்விரண்டையும் தீர்மானமாக வைக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

திருச்சபையா, இறையாட்சியா என்று கேட்டால், இரண்டையும் பிரிக்காமலும் ஒன்றென மயங்காமலும் வாழ்வதே கிறித்தவச் சிந்தனையாளர் நெடுந்தொலைவு நடந்து கண்ட நெறி. வட்டமா, கவிதையா என்று நம்மைக் கேட்டாலும் விடை அதுவே. வட்டம் என்பது மூடிய கோடு என்று கணிதம் கூறும். நம் வட்டமோ மேலும் ஒருவர் வந்து அமர இடம் விட்டே வரையப்படுவதாகுக.